பிறந்த இடத்திலேயே குடியிருக்கும் புரதங்கள்

போன இதழில் ஊதா பாக்டீரியாவைப் பற்றி எழுதும்போது போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருந்தேன்: “ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்கள் சவ்வுப் புரதத்தைச் செய்து முடித்து அப்புறம் சவ்வில் வைப்பதில்லை, வைத்துக்கொண்டேதான் செய்கின்றன.” அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இம்முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ரைபோசோம் செல்லின் நீர்ப்பகுதியில் புரதத்தைச் செய்கிறது என்றுதான் பாடத்தில் படித்தேன். செய்து முடித்த புரதம் தானாகச் சவ்வுக்குப் போய்ச் சேராதா? வைத்துக்கொண்டே செய்ய வேண்டிய அவசியம் என்ன? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: நீரில் கரையும் புரதங்களுக்கு உங்கள் பாடம் சொல்வது சரி. சவ்வுப் புரதத்தின் கதை வேறு. அதன் உடம்பில் பெரும்பகுதிக்குத் தண்ணீர் ஆகாது.

சவ்வின் நடுப்பகுதி வெறும் கொழுப்பு. தடிமன் சுமார் 3 நானோமீட்டர். அதைக் கடக்கப் புரதச் சங்கிலி சுருளாகச் சுற்றிக்கொள்கிறது. அந்தச் சுருளில் ஒவ்வொரு அமினோ அமிலமும் 0.15 நானோமீட்டர் உயரம் தரும். வகுத்துப் பாருங்கள், 20 வரும். ஆக, சவ்வை ஒருமுறை கடக்க லியூசின், வாலின் போன்ற எண்ணெய்க் குணமுள்ள அமினோ அமிலங்கள் இருபது அடுத்தடுத்து வர வேண்டும். ஊதா பாக்டீரியாவின் வினை மையத்தில் (ஒளியை வாங்கி எலக்ட்ரானை நகர்த்தும் புரதக் கூட்டு) எல், எம் என்ற இரண்டு புரதங்களுக்கும் இப்படி ஐந்தைந்து சுருள்கள். எச் என்ற மூன்றாவதற்கு ஒன்று. செடிகளைப்போல ஆக்சிஜன் வெளிவிடும் சயனோபாக்டீரியாவுக்கு இப்படிப்பட்ட ஒளியமைப்புகள் இரண்டு; அவற்றில் முதலாம் ஒளியமைப்பில் இருக்கும் இரண்டு பெரிய புரதங்களுக்கோ பதினொன்று பதினொன்று. இப்படிப்பட்ட ஒன்றை முழுதாகச் செய்து தண்ணீரில் விட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். அதை யாரும் பிரித்தெடுத்துச் சவ்வுக்குக் கொண்டுபோக முடியாது. செல்லின் கழிவு நொதிகள் அதை மென்று தீர்ப்பதுதான் நடக்கும்.

அதனால் செல் காத்திருப்பதே இல்லை. ரைபோசோமுக்குள் ஒரு சுரங்கம் உண்டு. புதிய சங்கிலி அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். முப்பது நாற்பது அமினோ அமிலங்கள் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். முதல் எண்ணெய்ச் சுருள் வாசலில் தலைகாட்டியதும் எஸ்.ஆர்.பி. என்ற துகள் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. பாக்டீரியாவில் இது மிகச் சிறியது: ஒரு புரதம், ஒரு குட்டி ஆர்.என்.ஏ., அவ்வளவுதான். பிடித்த துகள் ரைபோசோமையும் சேர்த்துச் சவ்வுக்கு இழுத்துப் போகிறது. சவ்வின் ஓரத்தில் அதை வரவேற்க இன்னொரு புரதம் காத்திருக்கும். அங்கிருந்து சங்கிலி ‘செக்’ என்ற துளைக்குள் நுழைகிறது.

இந்தத் துளையில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் பக்கவாட்டுத் திறப்பு. சாதாரணக் குழாய்க்கு இரண்டு முனைதான். இதற்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: பக்கவாட்டில் பிளந்து, உள்ளே இருக்கும் சுருளைக் கொழுப்புக்குள் விட்டுவிடும். நீர்க்குணமுள்ள துண்டு வந்தால் நேராக அப்புறம் போகும். எண்ணெய்ச் சுருள் வந்தால் பக்கவாட்டில் நழுவும். தையல் நூல் துணியின் மேலும் கீழும் போய்வருவதுபோல, சங்கிலி ஒவ்வொரு சுருளாகச் சவ்வில் இறங்கியும் ஏறியும் செல்கிறது. பக்கத்திலேயே ‘யிட்-சி’ என்ற இன்னொரு புரதம் நின்று, வெளியே வந்த சுருள்கள் சரியாக அணிசேர உதவுகிறது. 2004-இல் இந்தத் துளையின் அணு அளவிலான படம் வெளிவந்தபோது, ஓட்டையை ஒரு சிறு சுருள் அடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சங்கிலி வராத நேரத்தில் அயனிகள் கசிந்துவிடக் கூடாதல்லவா!

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈ. கோலை பாக்டீரியாவின் ரைபோசோம் நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்களைக் கோக்கும். அதே வேகம் என்று வைத்துக்கொண்டால், முதலாம் ஒளியமைப்பின் பெரிய புரதம் ஒன்று, சுமார் 750 அமினோ அமிலம், முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசித் துண்டு இன்னும் ரைபோசோமில் இருக்கும்போதே முதல் சுருள்கள் சவ்வில் குடியேறியிருக்கும்.

கேள்வி: சரி, சவ்வில் நுழைந்துவிட்டது. தலைகீழாக நுழைந்திருந்தால்? எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்று புரதத்துக்கு எப்படித் தெரியும்? (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்)

பதில்: இயற்பியல் ஆசிரியருக்கு ஏற்ற பதில் இருக்கிறது ஐயா: மின்னூட்டம். 1986-இல் சுவீடன் நாட்டின் குன்னார் ஃபான் ஹெய்னே, அப்போது கிடைத்த சவ்வுப் புரத வரிசைகளை வைத்து வெறுமனே எண்ணிப் பார்த்தார். சுருள்களை இணைக்கும் துண்டுகளில், செல்லின் உட்பக்கம் நிற்பவற்றில் ஆர்ஜினினும் லைசினும் அதிகம். இரண்டுமே நேர்மின் கொண்டவை. வெளிப்பக்கத் துண்டுகளில் அவை குறைவு. ‘நேர்மின் உள்ளே’ என்ற இந்த விதி இன்றும் நிற்கிறது. பாக்டீரியா சவ்வின் உட்பக்கம் எதிர்மின் என்பதால், நேர்மின் துண்டை வெளியே தள்ளுவது செலவு பிடித்த வேலை. அது உள்ளேயே தங்கிவிடும். மற்றதெல்லாம் அதற்கேற்ப அமைந்துவிடும்.

தலைகீழானால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். வினை மையம் ஒளியை வாங்கி எலக்ட்ரானைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எறிகிறது. வெளிப்பக்கத்தில் சைட்டோகுரோம் என்ற புரதம் வந்து இழந்த எலக்ட்ரானை ஈடுகட்டும்; உட்பக்கத்தில் குயினோன் என்ற சிறு மூலக்கூறு எலக்ட்ரானோடு புரோட்டானையும் வாங்கிக்கொள்ளும். திருப்பி வைத்தால் சைட்டோகுரோம் இருக்கும் பக்கத்தில் குயினோன், குயினோன் இருக்க வேண்டிய பக்கத்தில் சைட்டோகுரோமுக்கான மேடை. வேலை நடக்காது. புரோட்டான் ஒரு பக்கம் சேர்ந்தால்தான் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியைச் செய்யும் நொதி சுழலும். பாதி இப்படி, பாதி அப்படி இருந்தால் கூட்டிக் கழித்துப் பூஜ்யம்தான்.

கேள்வி: பச்சையம் எப்போது வந்து சேர்கிறது? புரதம் முதலிலா, நிறமி முதலிலா? (வேதியியல் பட்டதாரி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை இதற்கு ஒதுக்கலாம். புரதம் முதலில் என்றும் சொல்ல முடியாது, நிறமி முதலில் என்றும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்.

தனியாகத் திரியும் பச்சையம் ஆபத்தானது. ஒளியை விழுங்கிய பச்சைய மூலக்கூறு, அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள யாரும் பக்கத்தில் இல்லையென்றால், ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். அப்படிக் கிளர்ந்த ஆக்சிஜன் கண்ணில் பட்ட புரதத்தையும் கொழுப்பையும் அரித்துவிடும். இதை ஊதா பாக்டீரியாவில் 1955-இலேயே காட்டிவிட்டார்கள். பச்சையத்தின் வேண்டாத ஆற்றலை வாங்கித் தணிக்கும் நிறமி கரோட்டினாய்டு. அதைச் செய்யத் தெரியாத திரிபு (மரபணு மாறிய வகை) ஒன்று, ரோடோபாக்டர் என்ற ஊதா பாக்டீரியாவில் கிடைத்தது. பார்க்க நீலப்பச்சை நிறம். காற்றில்லாமல் வெளிச்சத்தில் வைத்தால் நன்றாக வளரும். இருட்டில் காற்றோடும் வளரும். வெளிச்சமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் செத்துப்போகும். நானும் இதன் உறவுக்காரத் திரிபு ஒன்றை வளர்த்திருக்கிறேன். குடுவையைத் திறக்குமுன் அறை விளக்கை அணைக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்வோம்.

ஆகவே பச்சையத்தைச் செய்து ஓரமாக அடுக்கிவைக்கும் பேச்சே கிடையாது. சயனோபாக்டீரியாவில் பச்சையம் செய்வதன் கடைசிப் படி, வளையத்துக்கு இருபது கார்பன் நீளமுள்ள ஓர் எண்ணெய் வாலை ஒட்டுவது. அதைச் செய்யும் நொதியைச் சினெகோசிஸ்டிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து கொக்கி போட்டு இழுத்தார்கள். 2014-இல் முடிவு வெளிவந்தது. நொதி தனியாக வரவில்லை. கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? முதல் பதிலில் சொன்னேனே, புரதத்தைச் சவ்வில் சேர்க்கும் யிட்-சி, அது! கூட, அதிக ஒளியால் தூண்டப்படும் ஒரு குட்டிப் புரதமும் வந்தது. பச்சையத்தையும் கரோட்டினாய்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வேண்டாத ஆற்றலை வெப்பமாக்கி விடுவது அதன் வேலை. அதாவது, புரதச் சங்கிலி சவ்வுக்குள் இறங்கும் இடத்துக்குத் தோளோடு தோளாகப் பச்சையம் தயாராகிறது. அது ஆபத்து விளைவிக்காமல் பார்த்துக்கொள்ளக் காவலும் அங்கேயே நிற்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: ஊதா பாக்டீரியாவுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் உட்சவ்வு எப்போதும் இருக்குமா, தேவைப்படும்போது உருவாகுமா?

பதில்: தேவைப்படும்போதுதான். காற்று தாராளமாகக் கிடைத்தால் ரோடோபாக்டர் ஸ்ஃபேராய்டிஸ் சுவாசித்தே பிழைத்துக்கொள்ளும். ஒளிச்சேர்க்கைக் கருவிகளைச் செய்யாது. பி.பி.எஸ்.ஆர். என்ற புரதம் அந்த மரபணுக்களின் மேல் உட்கார்ந்து அடக்கி வைத்திருக்கும். ஆக்சிஜன் குறைந்ததும் பிடி தளர்கிறது, மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குடுவையில் கொஞ்சமாக ஊடகம் ஊற்றி வேகமாகக் குலுக்கினால் வளர்ப்பு வெளிறிப்போய் இருக்கும். அதையே குடுவை நிறைய ஊற்றி, குலுக்கலைக் குறைத்து, இருட்டிலேயே விட்டால் சில மணி நேரத்தில் நிறம் ஏறத் தொடங்கும். மறுநாள் நல்ல சிவப்பு. வெளிச்சமே வேண்டியதில்லை, காற்று குறைந்தால் போதும். நிறமாலைமானியில் வைத்தால் 800, 850 நானோமீட்டரில் இரண்டு சிகரங்கள் எழும்பும்; 875 பக்கம் ஒரு தோள் தெரியும். முதல் இரண்டும் எல்.எச்.2 என்ற ஒளி திரட்டும் வளையத்தினுடையவை. 875, வினை மையத்தைச் சுற்றியிருக்கும் எல்.எச்.1 வளையத்தினுடையது. முன்பின் வரிசையும் உண்டு: வினை மையமும் எல்.எச்.1-ம் முதலில் வரும், எல்.எச்.2 பின்னால் வந்து எண்ணிக்கையில் முந்திவிடும்.

புதுச் சவ்வு எங்கே தொடங்குகிறது என்பதற்கும் பழைய, அழகான சோதனை இருக்கிறது. செல்களை அதிக அழுத்தத்தில் ஒரு சிறு துளை வழியே பீய்ச்சி உடைத்து, சர்க்கரைக் கரைசல் அடுக்கின் மேல் ஊற்றி, அதிவேகத்தில் சுழற்ற வேண்டும். குழாயை வெளியே எடுத்தால் நடுவில் அடர்த்தியான ஒரு நிறப் பட்டை தெரியும். அதுதான் குரோமடோஃபோர் என்கிற முதிர்ந்த சவ்வுக் குமிழ்கள். அதற்கு மேலே இன்னொரு பட்டை, மெல்லியதாக, கவனிக்காவிட்டால் தப்பிவிடும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நீடர்மன் குழு இந்த மேல்பட்டையை விடாமல் துரத்தியது. கதிரியக்கக் குறியிட்ட அமினோ அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, புதுப் புரதம் முதலில் மேல்பட்டையில் தெரிந்து, அப்புறம்தான் கீழ்ப்பட்டையில் தெரிந்தது. செல்சவ்வு உள்நோக்கி மடங்கத் தொடங்கும் இடங்களே அந்த மேல்பட்டை. புரதங்கள் அங்கே பிறந்து குவிகின்றன; குவியக் குவியச் சவ்வு உள்ளே குமிழாகப் பிதுங்குகிறது.

கேள்வி: குமிழ் ஏன் உருண்டையாக இருக்கிறது? சவ்வை வளைப்பது யார்?

பதில்: புரதங்களேதான். ரோடோபாக்டரில் வினை மையம் இரட்டையாக இருக்கும். ‘பஃப்-எக்ஸ்’ என்ற சிறு புரதம் இரண்டையும் இணைத்து வைத்திருக்கும். இரண்டு பாதிகளும் ஒரே தளத்தில் இல்லை, ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும். இப்படிச் சாய்ந்த இரட்டைகள் வரிசையாக நின்றால் சவ்வு தட்டையாக இருக்க முடியாது. எல்.எச்.2 இல்லாத திரிபில் குமிழுக்குப் பதில் நீண்ட குழாய்களே உருவாகின்றன. எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை மாற்றினால் சவ்வின் உருவமே மாறிவிடுகிறது.

கேள்வி: பாடநூல் படத்தில் சவ்வு என்றால் கொழுப்புக் கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரதம் மிதக்கிறது. இங்கேயும் அப்படித்தானா? (உயிரியல் ஆசிரியை)

பதில்: அந்தப் படத்தை இந்தச் சவ்வுகளுக்குப் போடவே கூடாது என்பது என் கட்சி. இங்கே கடல் எங்கே இருக்கிறது? 2004-இல் ரோடோபாக்டர் சவ்வை அணுவிசை நுண்ணோக்கியால் தடவிப் பார்த்த படம் வெளிவந்தது. நுண்ணோக்கி என்று பெயர்தான். மிகக் கூரிய ஒரு முள் சவ்வின் மேடுபள்ளத்தைத் தடவிச் செல்லும், அவ்வளவுதான். எங்கு பார்த்தாலும் வளையங்கள், தோளுரசி நிற்கின்றன. இரட்டை வினை மையங்கள் வரிசையாக, அவற்றுக்கு இடையிலும் சுற்றிலும் எல்.எச்.2 சிறு வளையங்கள். கொழுப்பு என்பது இடுக்குகளில் மட்டும்.

ஒரு குமிழின் குறுக்களவு 50, 60 நானோமீட்டர்தான். மங்கலான வெளிச்சத்தில் வளர்ந்த செல்லின் குமிழ் ஒன்றில் அறுபதுக்கும் மேற்பட்ட எல்.எச்.2 வளையங்கள், இருபதுக்கும் மேற்பட்ட வினை மையங்கள், எலக்ட்ரானைக் கைமாற்றிப் புரோட்டானை நகர்த்தும் சைட்டோகுரோம் பிசி1 நான்கைந்து, ஏடிபி செய்யும் நொதி ஒன்றிரண்டு. இந்தக் கணக்கைப் பாருங்கள்: ஒளியைப் பிடிக்க அத்தனை பேர், ஏடிபி செய்ய ஒன்றிரண்டு பேர். மங்கல் வெளிச்சத்தில் ஃபோட்டான் கிடைப்பதுதான் கஷ்டம்; கிடைத்த பிறகு வேலையை முடிக்க ஒரு நொதியே தாராளம்.

எல்.எச்.2 வளையத்தின் உள்ளமைப்பு 1995-இல் தெரியவந்தது. ரோடோசூடோமோனாஸ் அசிடோஃபிலா என்ற உறவுக்கார இனத்திலிருந்து. ஒன்பது ஜோடிப் புரதங்கள், 27 பாக்டீரியப் பச்சையங்கள்: பதினெட்டு ஒரு வளையமாக நெருக்கியடித்து, ஒன்பது இன்னொரு வளையமாக இடைவெளி விட்டு. பக்கத்து வளையம் இவ்வளவு அருகில் இருப்பதால் பிடித்த ஆற்றல் பைக்கோநொடிக் கணக்கில் வளையம் விட்டு வளையம் தாவி வினை மையத்துக்குப் போய்விடும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் தாவும் வேகம் தடாலென்று விழும். தூரத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப விழும் சங்கதி இது. ‘இடம்’ என்பது இவற்றுக்கு அலங்காரமில்லை என்று நான் மாய்ந்து மாய்ந்து சொல்வது இதனால்தான்.

கேள்வி: சயனோபாக்டீரியாவில் செல்சவ்வு வேறு, உள்ளே ஒளிச்சேர்க்கை நடக்கும் தைலகாய்டு சவ்வு வேறு. செல்லுக்குள் தடுப்பறை கிடையாது. இரண்டு சவ்வுக்கும் தனித்தனி செக் துளை உண்டா? இல்லையென்றால் எந்தப் புரதம் எதற்கு என்று எப்படிப் பிரிகிறது?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். தனித்தனி கிடையாது. சினெகோசிஸ்டிஸின் மரபணுத் தொகுதி 1996-இலேயே ஜப்பானின் கசுசா நிறுவனத்தில் முழுதாகப் படிக்கப்பட்டது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் முதலாவது. தேடிப் பார்த்தால் துளைக்கான முக்கிய மரபணு ஒன்றே ஒன்று. அதே துளைதான் இரண்டு சவ்விலும். ஆக, புரதச் சங்கிலி வாசலில் வந்து நிற்கும்போது “நீ எந்தச் சவ்வுக்கு?” என்று விசாரிக்க அங்கே ஆளில்லை.

விசாரணை அதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பதுதான் விடை. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் கான்ராட் முல்லினோ குழு புரதத்தை விட்டுவிட்டு, அதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடியது. ஒளிரும் குறியை அதில் ஒட்டவைத்து, செல்லுக்குள் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 2020-இல் வெளிவந்த முடிவு இது: ஒளியமைப்புகளின் மையப் புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ. தைலகாய்டின் பரப்பில், அதிலும் செல்லின் நடுப்பகுதியையும் டி.என்.ஏ.வையும் பார்த்த பக்கத்தில், கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு இடத்தில் வேலை செய்யும் புரதங்களின் தூது ஆர்.என்.ஏ. அப்படி இல்லை.

நீங்கள் உடனே கேட்பீர்கள்: ரைபோசோம் சவ்வில் ஒட்டியிருக்கிறது, அது படிக்கும் தூது ஆர்.என்.ஏ.வும் கூடவே அங்கே தெரிகிறது. இதில் என்ன அதிசயம்? நியாயமான சந்தேகம். ரைபோசோமோடு சேர விடாமல் செய்தும் பார்த்தார்கள். பரப்பில் பரவியிருக்கும் விதம் மாறியது. ஆனால் தைலகாய்டை விட்டுப் போகவில்லை. மொழிபெயர்ப்பு தொடங்காமலே தூது ஆர்.என்.ஏ.வுக்குத் தைலகாய்டு மேல் ஒட்டுதல் இருக்கிறது. யார் ஒட்டவைக்கிறார்கள்? ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் இரண்டு சிறு புரதங்களை நீக்கிய திரிபில் அந்த ஒட்டுதல் குலைந்துபோனது.

பாக்டீரியா என்றால் ஒரு பை, அதற்குள் எல்லாம் கலந்து கிடக்கும் என்று படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. அந்தப் பைக்குள்ளே, புரதம் பிறப்பதற்கு முன்பே அதன் விலாசம் எழுதப்பட்டுவிடுகிறது. வேலை செய்ய வேண்டிய இடத்துக்குச் செய்தியையே அனுப்பிவிட்டால் புரதத்தைச் சுமந்துபோக வேண்டிய வேலை மிச்சம்.

கேள்வி: ஒருமுறை வைத்த புரதம் அங்கேயே இருக்குமா, நகருமா?

பதில்: ஆளைப் பொறுத்தது. 1997-இல் முல்லினோவும் சகாக்களும் டாக்டிலோகாக்காப்சிஸ் என்ற நீளமான சயனோபாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். அதன் தைலகாய்டுகள் செல்லின் நீளவாக்கில் ஒழுங்காக ஓடும். இந்தச் சோதனைக்காகவே பிறந்தது போன்ற உடல்வாகு. லேசரால் செல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டு அங்குள்ள நிறமியின் ஒளிர்வை அழித்தார்கள். சவ்வின் மேல் ஒட்டியிருக்கும் ஃபைகோபிலிசோம் என்ற ஒளி திரட்டிகளின் கோடு கொஞ்ச நேரத்தில் கலைந்து மங்கியது, அவை நகர்கின்றன. இரண்டாம் ஒளியமைப்பின் கோடு போட்ட இடத்திலேயே நின்றது.

இன்னொரு வகை நகர்வும் உண்டு. சயனோபாக்டீரியா சுவாசத்தையும் ஒளிச்சேர்க்கையையும் ஒரே தைலகாய்டில் நடத்துகிறது. சுவாசப் புரதங்களுக்கு ஒளிரும் வால் ஒட்டிப் பார்த்த 2012 ஆய்வில், மங்கல் வெளிச்சத்தில் அவை திட்டுத்திட்டாக ஒதுங்கி நின்றன. வெளிச்சத்தைக் கூட்டியதும் தைலகாய்டு முழுக்கப் பரவிவிட்டன. எலக்ட்ரான் எந்த வழியில் போக வேண்டும் என்பதை, யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை வைத்தே செல் மாற்றிக்கொள்கிறது.

கேள்வி: பழுதானால்?

பதில்: இரண்டாம் ஒளியமைப்பில் டி1 என்ற புரதம்தான் அடிக்கடி அடிபடும். தண்ணீரைப் பிளக்கும் வேலைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அடி வாங்காமல் என்ன செய்யும். கடும் வெளிச்சத்தில் பழைய டி1-களைக் கழித்துப் புதியவற்றைப் போடும் வேலை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். முழு அமைப்பையும் தூக்கி எறிவதில்லை. ஓரளவு பிரித்து, எஃப்டிஎஸ்-எச் என்ற நொதி பழைய டி1-ஐச் சவ்விலிருந்து உருவிச் சின்னாபின்னமாக்குகிறது. புதிய டி1 சவ்வில் இறங்கி அதே இடத்தில் பொருந்துகிறது. அது ஒரு சிறு வாலோடு பிறக்கும். தைலகாய்டின் உட்பக்கத்தில் ஒரு நொதி அந்த வாலை வெட்டிய பிறகுதான் நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் கொண்ட கொத்து அங்கே முறையாகக் கூடும்.

கேள்வி: உட்சவ்வே இல்லாத ஒளிச்சேர்க்கை பாக்டீரியா உண்டா?

பதில்: உண்டு. குளோயோபாக்டர் வயலேசியஸ் என்ற சயனோபாக்டீரியா. 1974-இல் அறிவிக்கப்பட்டது, சுவிட்சர்லாந்தில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து எடுத்தது. தைலகாய்டே கிடையாது, எல்லாம் செல்சவ்விலேயே. மெதுவாகத்தான் வளரும். அந்த ஒரே சவ்விலும் ஒளிச்சேர்க்கைப் புரதங்கள் தங்களுக்கென்று தனித் திட்டுகளில் ஒதுங்கியிருப்பதாக 2011-இல் காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு தெரிந்து யாருக்கு என்ன லாபம்? (கோபமாக ஒரு வாசகர்)

பதில்: சவ்வுப் புரதத்தைப் படிகமாக்கவே முடியாது என்று பலரும் கைவிட்டிருந்த காலத்தில், ஹார்ட்முட் மிஷெல் ஊதா பாக்டீரியாவின் வினை மையத்தைப் படிகமாக்கினார். யோஹான் டைசன்ஹோஃபர், ராபர்ட் ஹூபரோடு சேர்ந்து அதன் அமைப்பைக் கண்டதற்கு 1988-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்று பயன்பாட்டில் இருக்கும் மருந்துகளில் பெரும்பகுதி சவ்வுப் புரதங்களைக் குறிவைப்பவை. அவற்றின் உருவத்தைப் பார்க்கும் வழி இந்தப் படிகத்தில் தொடங்கியது. இன்னொன்றும் உண்டு. ரோடோபாக்டர் கேட்டபோது சவ்வு செய்து தரும் என்று முன்பே பார்த்தோமல்லவா? அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், அதன் ஒளி திரட்டும் புரதங்களின் மரபணு இருந்த இடத்தில் வேறு சவ்வுப் புரதங்களின் மரபணுவை வைத்தார்கள். காற்றைக் குறைத்தால் புதுச் சவ்வும், அதில் குடியேறிய அந்நியப் புரதமும் சேர்ந்தே கிடைக்கும். போதுமா ஐயா?

கேள்வி: இதையெல்லாம் வீட்டு நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா? (எட்டாம் வகுப்பு மாணவன்)

பதில்: குமிழைப் பார்க்க முடியாது தம்பி. சாதாரண ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. குமிழ் அதில் கால்வாசிதான். ஆனால் பாக்டீரியாவையே வளர்த்து நிறத்தைப் பார்க்கலாம். ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி காட்டிய வழி. உயரமான கண்ணாடிக் குடுவை ஒன்று எடுத்துக்கொள். குளத்துச் சேற்றில் கிழித்த செய்தித்தாள், நொறுக்கிய முட்டை ஓடு, கொஞ்சம் ஜிப்சம் பொடி கலந்து மூன்றில் ஒரு பங்கு நிரப்பு. அதன் மேல் வெறும் சேறு, அதற்கும் மேல் குளத்து நீர். லேசாக மூடி, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சமான சன்னலில் வை. சில வாரங்களில் சேற்றுக்குள், கண்ணாடியை ஒட்டி, ஊதாவும் செங்கல் நிறமுமாகத் திட்டுகள் தெரியும். மேலே பச்சை படரும். ஊதாத் திட்டு காற்று எட்டாத ஆழத்தில்தான் வரும், ஏன் என்று மேலே படித்துவிட்டாய். மூடியை இறுக்கி மூடாதே. வீட்டுக்குள் வைத்துக் கிளறவும் செய்யாதே, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். அந்த வாயு நல்லதும் இல்லை. கிளறியே ஆக வேண்டுமென்றால் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வெளியே எடுத்துப்போ.